அலாரம் அடிச்சா முதல்ல குழந்தையோட முகத்த பாருங்க

கேள்வி: டாக்டர், எனக்கு 30 வாரத்துல பொண்ணு பிறந்தா, 1300 கிராம். 12 நாளா என்ஐசியூல (பச்சக் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கா. நெஞ்சுல மூணு ஸ்டிக்கர் வயர், கால்ல சிவப்பு லைட். தினமும் பத்து தடவையாவது அலாரம் அடிக்குது, நர்ஸ் வந்து உள்ளங்கால தேய்ச்சுட்டு போயிடுறாங்க. வெறும் ஸ்டிக்கர வச்சு மூச்ச எப்படி கணக்கு பண்றாங்க? அதுல கரண்டு போகுதாமே, பிள்ளைக்கு ஆகாதா?

பதில்: பத்து தடவ அலாரம்னா பத்து தடவ உங்க உயிர் போய் வந்திருக்கும்மா, புரியுது. கரண்டு பயத்த முதல்ல விட்டுடுங்க. போறது ரொம்ப ரொம்ப சின்ன மின்னோட்டம், பிள்ளைக்கு தெரியவே தெரியாது. நெஞ்சுக்குள்ள காத்து போனா அந்த மின்னோட்டத்துக்கு தடை கூடும், மூச்ச விட்டா குறையும், இந்த ஏத்த இறக்கத்ததான் மெஷின் அலையா வரைஞ்சு நிமிஷத்துக்கு இத்தனை மூச்சுன்னு எண்ணுது. அதே ஸ்டிக்கர்லதான் இதயத் துடிப்பும் தெரியுது.

ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு. அந்த மெஷின் பார்க்கிறது நெஞ்சு அசையறதத்தான், மூக்கு வழியா காத்து போகுதான்னு அதுக்கு தெரியாது. கழுத்து மடங்கியோ சளி அடைச்சோ காத்து போகாம பிள்ள நெஞ்ச மட்டும் தூக்கித் தூக்கி போட்டாலும் அது மூச்சுன்னுதான் எண்ணும், சில சமயம் இதயம் அடிக்கிற அசைவையே மூச்சுன்னு எண்ணிடும், திரையில மூச்சு எண்ணும் துடிப்பு எண்ணும் ஒண்ணாவே ஓடுச்சுன்னா நாங்க உடனே சந்தேகப்படுவோம். அதுக்குத்தான் கால்ல அந்த சிவப்பு லைட். ரத்தத்துல எவ்வளவு ஆக்சிஜன் இருக்குன்னு தோலுக்கு வெளியவே இருந்து சொல்லிடும், ஊசி வேணாம். 1974ல ஜப்பான்ல டகுவோ ஆவோயாகிங்கிறவர் கொடுத்த யோசனை அது, இன்னிக்கு எத்தனையோ பிஞ்சுகளுக்கு அதுதான் காவல். இந்த ரெண்டையும் சேர்த்து பார்த்தாத்தான் உண்மை தெரியும்.

குறைமாசப் பிள்ளைக்கு மூச்ச நடத்துற மூளைப் பகுதி இன்னும் முழுசா பழுக்கல. அஞ்சு பத்து செகண்ட் நிறுத்தி திரும்ப விடுறது சாதாரணம். 20 செகண்ட தாண்டினாலோ, அதுக்குள்ளயே துடிப்பு இறங்கி ஆக்சிஜன் குறைஞ்சாலோதான் அத அப்னியான்னு சொல்றோம். கால தேய்ச்சதும் "அட, மூச்சு விடணுமே"ன்னு பிள்ளைக்கு ஞாபகம் வர்ற மாதிரி, பெரும்பாலும் அதுவே போதும், நர்ஸ் அலட்சியமா போகல, அதுதான் வைத்தியம். பலருக்கு காஃபின் மருந்தும் கொடுப்போம், காபில இருக்கிற அதே பொருள்தான், எடைக்கு அளந்து. உங்க பொண்ணுக்கு கொடுக்கிறாங்களான்னு கேளுங்க.

அலாரம் அடிச்சா திரைய பார்க்காதீங்க, பிள்ளைய பாருங்க. நிறம் ரோஸா இருக்கா, நெஞ்சு ஏறி இறங்குதா? ஆமான்னா கால ஆட்டினதுல அந்த சிவப்பு லைட் விலகியிருக்கும், ஸ்டிக்கர் கழண்டிருக்கும், நிறைய அலாரம் அப்படித்தான். உதடு நீலமானா, உடம்பு தொய்ஞ்சா உடனே கூப்பிடுங்க. இன்னொண்ணு, நல்லா இருந்த பிள்ளைக்கு திடீர்னு அலாரம் கூடினா இன்ஃபெக்‌ஷனாங்கிறதுதான் எங்க முதல் சந்தேகம். "நேத்து மாதிரி இல்ல"ன்னு உங்களுக்கு தோணினா தயங்காம சொல்லுங்கம்மா, பெத்தவங்க சொல்லி நாங்க பிடிச்ச கேஸ் உண்டு.

மூச்சு நிக்கிறது பொதுவா கர்ப்பக் கணக்குல 36, 37 வாரம் ஆகும்போது அடங்கிடும். வயரோடவே கங்காரு மாதிரி நெஞ்சோட அணைச்சுக்கலாம், நர்ஸ் எடுத்துத் தருவாங்க, கழுத்து மட்டும் மடங்காம பார்த்துக்கங்க. வீட்டுக்கு போனதும் கால்ல மாட்டுற சாக்ஸ் மானிட்டர் வாங்கணுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, நான் வேணாம்னுதான் சொல்வேன், மல்லாக்க படுக்க வைக்கிறதுதான் முக்கியம்.

ஆக்சிஜன் வச்சிருந்தா ரத்தத்துல அதோட அளவு கூடினாலும் அலாரம் அடிக்கும், 90லருந்து 95 சதவீதத்துக்குள்ள வைக்கப் பார்ப்போம், மிஞ்சினா விழித்திரைய கெடுக்கலாம். உங்க பொண்ணுக்கு 30 நாள் ஆகறதுக்குள்ள கண் டாக்டர் வந்து பார்க்கணும். அந்த தேதிய இன்னிக்கே கேட்டு எழுதி வச்சுக்கங்க.