ஜனவரி 1

அன்புள்ள ஆசிரியருக்கு,

அகதிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். உயிர் தப்பி வந்தவர்களுக்கு உணவும் கூடாரமும் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அதை ‘உரிமை’ என்று ஏன் சொல்ல வேண்டும்? முறையான ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டியவர் சட்டத்தை மீறியவர்தானே? வருகிறவர்களை எல்லாம் எந்த நாடு தாங்கும்?

எம்.

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். இடம்பெயர்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சொந்த நாட்டின் எல்லையையே தாண்டுவதில்லை. தாண்டியவர்களிலும் பெரும்பாலோர் பக்கத்து நாட்டோடு நின்றுவிடுகிறார்கள். உலகமே கிளம்பி உங்கள் வாசலுக்கு வரவில்லை, பயப்படாதீர்கள்.

சட்டத்தை மீறியவர்தானே என்று கேட்கிறீர்கள். அந்தச் சட்டத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம். 1951 அகதிகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. உயிருக்கு ஆபத்தான இடத்திலிருந்து நேராக வந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய்த் தக்க காரணத்தைச் சொல்பவரை, அனுமதியின்றி நுழைந்தார் என்பதற்காகத் தண்டிக்கக் கூடாது. இதை எழுதி முடித்தவர்கள் கவிஞர்கள் இல்லை, அரசுகளின் பிரதிநிதிகள். துரத்துகிற அரசிடமே போய் வரிசையில் நின்று பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு ஓடி வா என்று யாரிடமும் சொல்ல முடியாது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. உங்களுக்குப் புரியாதது ஏன்?

சரி, கோபம் போதும். ‘ஆவணம்’ என்று எழுதியிருந்தீர்களே, இரண்டு நாளாக அந்தச் சொல் என்னை விடவில்லை.

பல வருடங்களுக்கு முன் ஒரு உதவி மையத்தில் சில மாதங்கள் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். ஒருநாள் ஒரு பெரியவர் குடும்பத்தோடு வந்தார். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பை, அதற்குள் துணி, அதற்குள் எட்டாக மடித்த ஒரே ஒரு காகிதம், மகனுடைய பிறப்புச் சான்றிதழ். பிரித்தபோது மடிப்புகளில் வெளிச்சம் தெரிந்தது. வருடம் இருந்தது. நாளும் மாதமும் மடிப்போடு போயிருந்தன.

தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போடுவது பல இடங்களில் வழக்கம். நானும் போட்டேன். பெரியவருக்கு, மனைவிக்கு, மூன்று பிள்ளைகளுக்கும் ஜனவரி 1. “இவன் மழை முடிந்து, வருடக் கடைசியில் பிறந்தவன் ஐயா” என்றார். “அதை எழுத இதில் இடமில்லை” என்றேன். சொன்ன தொனி இன்னும் காதில் இருக்கிறது.

அப்போது எனக்கு உறைக்கவில்லை. டிசம்பரில் பிறந்தவனுக்கு ஜனவரி என்று எழுதினால், காகிதத்தில் அவன் ஏறக்குறைய ஒரு வருடம் முன்னதாகவே பதினெட்டைத் தொட்டுவிடுவான். பதினெட்டுக்குக் கீழே இருந்தால் குழந்தை. தனிப் பாதுகாப்பு உண்டு, பெரியவர்களோடு அடைத்துவைக்கக் கூடாது. மேலே போய்விட்டால் அதெல்லாம் இல்லை. அந்தப் பையனுக்குப் பதினாறு முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு வருடத்தை என் பேனா தின்றுவிட்டது.

நான்சென் என்ற துருவப் பயணியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பசித்தவர்களுக்கு உணவு திரட்டியவரும் அவர்தான். ஆனால் நாடிழந்த ரஷ்யர்களுக்காக 1922இல் அவர் முயன்று பெற்றுத் தந்தது ஒரு அடையாளத் தாள். பின்னர் 50க்கும் மேற்பட்ட அரசுகள் அதை ஏற்றன. உணவு கொடுப்பவர் நாளைக்கு மனம் மாறலாம். தாள் கையில் இருந்தால் மறுபடி போய்க் கேட்கலாம்.

நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களின் கதை இன்னும் மோசம். எரிந்துபோன ஊருக்கே திரும்பிப் போய்ச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்வார்கள். அப்படிக் கேட்கக் கூடாது என்று 1998இல் ஐ.நா.வில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளில் வெளிப்படையாகவே எழுத வேண்டியிருந்தது. யாரோ எங்கோ அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள், வேறென்ன.

உரிமை ஏன் என்ற உங்கள் கேள்விக்குப் பதில் சொன்னேனா தெரியவில்லை. அந்தப் பெரியவரிடம் புதிய பதிவுத் தாளை நீட்டியபோது மடிக்காதீர்கள் என்றேன். பை சின்னது, வேறு வழியில்லை. மேஜைமேல் வைத்து, மகனின் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். அந்த வரியில் மடிப்பு விழாமல் பார்த்துப் பார்த்து மடித்தார்.