பிள்ளை அழுவதைக் கருவி சொல்லுமா?

கேள்வி: என் பாப்பாவுக்கு 50 நாள். விளக்கு வைக்கும் நேரம் அழ ஆரம்பித்தால் இரண்டு மணி நேரம் ஓய்வதில்லை. அழுகையைக் கேட்டு 'பசி', 'தூக்கம்' என்று காட்டும் கருவி இருக்கிறதாம்; வாங்கி அனுப்பட்டுமா என்று மஸ்கட்டிலிருந்து என் கணவர் கேட்கிறார். மாமியாரோ காசைக் கரியாக்காதே என்கிறார். என்ன செய்ய, சிஸ்டர்?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: மக்களே, முதலில் உன் மனசு ஆறட்டும். ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் பிள்ளைகள் அதிகம் அழும், அதுவும் சாயங்காலத்தில். மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும். உன் வளர்ப்பில் குறை ஒன்றுமில்லை.

கருவிக்கு வருகிறேன். ஸ்பெயினில் பெத்ரோ மொனாகாஸ் என்ற பொறியாளர் 20 வருஷத்துக்கு முன்பே இப்படி ஒன்றைச் செய்துவிட்டார். இப்போது போன் செயலிகளும் வந்துவிட்டன. ஆனால் பிரான்ஸ் ஆய்வாளர்கள் 24 குழந்தைகளின் ஏறக்குறைய 40,000 அழுகைகளைப் பதிவு செய்து, 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். எந்தப் பிள்ளை, எத்தனை மாதம் என்பது குரலில் தெரிந்தது. எதற்காக அழுகிறது என்பது கம்ப்யூட்டருக்கும் பிடிபடவில்லை, கேட்டுப் பழகிய பெரியவர்களுக்கும் பிடிபடவில்லை. அதனால் உன் மாமியார் பக்கம்தான் நான்.

திருவட்டார் பக்கம் கிராம நர்ஸாக இருந்தபோது, ஒரு ஆடி மாத மழை ராத்திரியில் கதவைத் தட்டினார்கள். "சிஸ்டரே, பிள்ளை மூணு மணி நேரமா கரைஞ்சிட்டே கெடக்கு." பாலாடையில் பால் ஊட்டியாச்சு, ஓதிக் கயிறும் கட்டியாச்சு. நான் உடுப்பையெல்லாம் கழற்றி, டார்ச் அடித்து உச்சந்தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். இடது காலில் இரண்டாவது விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அடியில் ஒற்றைத் தலைமுடி சுற்றி, சதைக்குள் இறுகிக் கிடந்தது. அம்மாவின் முடி. பிரசவத்துக்குப் பிறகு கொட்டுமே, அது காலுறைக்குள் போயிருக்கிறது. அதை நறுக்கி எடுத்ததும் தேம்பித் தேம்பி அப்படியே உறங்கிப்போனது. எந்தக் கருவியின் காதுக்கு அந்த முடி கேட்டிருக்கும்?

நீயும் அப்படி அவிழ்த்துப் பார். கழுத்து மடிப்பில் வேர்க்குரு இருக்கா, துணி நனைந்திருக்கா, ஏப்பம் விட்டாளா என்று பார். பசி என்றால் அழுவதற்கு முன்பே தலையைத் திருப்பித் தேடுவாள், கையைச் சப்புவாள். நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால் பால் போதுகிறது. வசம்பு உரைத்து நாக்கில் தடவச் சொன்னால் மட்டும் மாமியார் பேச்சைக் கேட்காதே. ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, குரல் தேய்ந்து முனகினாலோ விடியட்டும் என்று இருக்காதே. தக்கலை அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கோ உடனே போ. உனக்குக் கை நடுங்கினால் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு நகர்ந்துவிடு. எந்த ஆத்திரத்திலும் குலுக்கிவிடாதே, மூளைக்குள் ரத்தம் கசியும்.

மஸ்கட்டில் ஐந்து மணி என்றால் இங்கே ஆறரை. அந்த நேரத்துக்கு அவரை வீடியோவில் கூப்பிடச் சொல். மாமியார் பிள்ளையை வைத்துக்கொண்டு போனைக் காட்டட்டும், அப்பா குரல் அவள் காதில் விழட்டும். நீ போய்ச் சூடாகக் கஞ்சி குடி.