குண்டுவால் தேளுன்னு சொன்னா சிரிப்பீங்களே!

கேள்வி: டெத்ஸ்டாக்கர், எம்பரர், ஃபேட்டெயில்னு வெளிநாட்டுல ஒவ்வொரு தேளுக்கும் எவ்ளோ கம்பீரமா பேரு வெச்சிருக்கான். நம்மாளுங்க மட்டும் கருந்தேள், செந்தேள்னு கலரைச் சொல்லி முடிச்சுக்கிட்டாங்களே, ஏன்? போன வாரம் எங்க காபி தோட்டத்துல முக்கா சாண் நீளத்துக்கு கருப்பா ஒண்ணு வந்துச்சு, அடிச்சுட்டோம். அது எம்பரரா?
- ஒரு வாசகர், ஒண்டிக்கடை, ஏற்காடு

பதில்: கம்பீரமாங்க? ஃபேட்டெயிலை தமிழ்ல சொல்லிப் பாருங்க, குண்டுவால். நம்ம தாத்தா யாராச்சும் அப்படி பேரு வெச்சிருந்தா 'ரசனையே இல்லாத கூட்டம்'னு இதே பக்கத்துக்கு எழுதியிருப்பீங்க. பிரேசில்ல குழந்தைங்க உசுரையே எடுக்குற தேளுக்கு இங்கிலீஷ்ல பேரு வெறும் மஞ்சத் தேளு, அரிசோனாக்காரன் வெச்சது பட்டைத் தேளு, ஏன்னா மரப்பட்டையில ஒட்டிக்கிட்டு கெடக்கும். கலரு, வாலு, கெடக்குற எடம், அவனும் இதத்தான பாத்திருக்கான். டெத்ஸ்டாக்கர் ஒண்ணுதான் சினிமா டைட்டில் கணக்கா இருக்கு, அதையும் ஓம்டுர்மான் தேள்னு சூடான்ல இருக்குற ஊரு பேரு போட்டு சொல்றவங்க உண்டு, நம்ம சேலத்து மாம்பழம் மாதிரி.

நீங்க அடிச்சது எம்பரர் இல்ல. அது மேற்கு ஆப்பிரிக்கா, கானா நைஜீரியா பக்கம், ஏற்காடு பஸ் ஏறி வராது. உங்களுது அதுக்கு சொந்தக்காரன், நம்மூரு கருந்தேளு. ரெண்டும் ஆளு பெருசு, விஷம் கம்மி, பெரும்பாலும் குளவி கொட்டுன மாதிரி வலிச்சு அடங்கிரும். நண்டு மாதிரி தடியா இடுக்கி இருந்துச்சா, அதுதான் அதோட ஆயுதம், கொடுக்கு ரெண்டாம்பட்சம்.

பயப்பட வேண்டியது செந்தேளுக்கு. விரல் நீளம்தான், இடுக்கி புருவம் எடுக்குற ட்வீசர் மாதிரி ஒல்லியா இருக்கும், வாலு மட்டும் தடிச்சிருக்கும். அதோட லத்தீன் பேருல ரெண்டாவது வார்த்தை 'டாமுலஸ்', அதாவது தமிழ்! 1798ல டேனிஷ்காரர் ஃபப்ரீசியஸ் வெச்சது (தமிழ் அகராதி போட்ட பாதிரியார் ஃபப்ரீசியஸ் வேற ஆளு, குழப்பிக்காதீங்க). உலகத்துலயே ஆபத்தான தேள் லிஸ்ட்ல இருக்குற ஒண்ணுக்கு நம்ம பேரையே வெச்சிருக்கான், நீங்க என்னடான்னா பேரே இல்லைன்னு அழறீங்க.

இது கொட்டி, வேர்த்து ஊத்தி வாந்தி எடுத்து கை கால் சில்லுன்னு ஆச்சுன்னா மந்திரிக்க கூட்டிட்டுப் போகாதீங்க, குறிப்பா குழந்தையா இருந்தா. இதயம் திணறி நுரையீரல்ல நீர் கோத்துக்கும். மகாராஷ்டிராவுல மகாட்ங்குற சின்ன ஊர்ல இருக்குற டாக்டர் பாவஸ்கர், பிபிக்கு குடுக்குற பிரசோசின் மாத்திரையவே இதுக்குக் குடுத்து எத்தனையோ பேரைப் பொழைக்க வெச்சாரு, 2022ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அடிவாரத்துலயே பெரியாஸ்பத்திரி இருக்குறப்ப யோசிக்காம கெளம்புங்க.

ஆமா, அந்த கருப்பு முதுகு மேல வெள்ளையா பொடிப்பொடியா ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சா? இருந்திருந்தா அது தாயி, ஒட்டியிருந்தது குஞ்சுங்க.