கேளுங்கள், சொல்கிறோம்: ‘ஷீப்’ ஏன் ‘ஷீப்ஸ்’ ஆகவில்லை?

கேள்வி: ஷிப் பன்மையில் ஷிப்ஸ். ஷீப் மட்டும் பன்மையிலும் ஷீப். ‘விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணு’ என்றே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் உண்டா?
– ஆங்கில ஆசிரியை, மண்டபம்

பதில்: உண்டு. பழைய ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே வகைப் பெயர்ச்சொற்கள். அவ்வகையின் பன்மை விகுதி ‘உ’. குறிலும் ஒற்றை மெய்யும் கொண்ட ‘ஷிப்’ இலேசான அசை, அதனால் விகுதி தங்கி ‘ஷிபு’ ஆனது. நெடில் வந்தாலோ, குறிலுக்குப் பின் இரண்டு மெய் வந்தாலோ அசை கனத்துவிடும், ‘உ’ உதிரும். ஷீப், டியர் (மான்), ஹவுஸ், வேர்ட் ஆகியவற்றின் பழைய வடிவங்கள் இப்படித்தான் ஒருமை, பன்மை இரண்டிலும் ஒன்றாயின. ‘வெரொட்’ (படை) என்பதில் இரண்டு இலேசான அசைகள் சேர்ந்து ஒரு கன அசைக்கு ஈடாகின்றன; அங்கும் ‘உ’ இல்லை.

பிள்ளைகளுக்குக் குற்றியலுகரத்தைக் காட்டுங்கள். ‘இல்லை’ என்று சேர்த்தால் பசுவில்லை; ஆனால் ஆடில்லை, நண்டில்லை, படகில்லை. தனிக்குறிலுக்குப் பின் உகரம் நிற்கிறது, மற்ற இடங்களில் விழுகிறது. படகும் வெரொட்டும் ஒரே கணக்கு! உறவு மொழிகள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் விதி வல்லின உகரத்துக்கே உரியது. தனித்து நிற்கும்போது உகரம் குறுகுமே தவிர மறையாது. அங்கே எந்த மெய்யானாலும் அடியோடு போய்விட்டது.

பின்னாளில் வேறொரு பெயர்வகையின் ‘அஸ்’ விகுதி பரவி, இன்றைய ‘ஸ்’ ஆயிற்று. ஷிப், வேர்ட், ஹவுஸ் அதை ஏற்றன. ஷீப்பும் டியரும் மசியவில்லை. ஃபிஷ்ஷை இந்தப் பட்டியலில் சேர்ப்பது வழக்கமான தவறு. அது பழைய ஆங்கிலத்திலேயே ‘அஸ்’ பெற்ற சொல். பன்மையில் மாறாமல் நிற்பது பிற்கால வழக்கு.

கேள்வி: மெய் இரட்டிப்பதற்கும் அசையின் எடைதான் காரணமா?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: ஆங்கிலம், ஜெர்மன் முதலான மேற்கு ஜெர்மானிய மொழிகளில் பெரும்பாலும் ஆம். குறிலை அடுத்த மெய், யகரத்தின் முன் இரட்டித்தது: அவற்றுக்கு உறவான, ஆனால் இந்த இரட்டிப்பு நேராத கோதிக் என்ற பழைய மொழியின் ‘சட்யன்’ (உட்கார வை) பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’. ‘ஹவுஸ்யன்’ (கேள்) போன்ற கனத்த அடிகளில் இரட்டிப்பு இல்லை. கல்லில், காலில் என்ற வேறுபாடு நினைவுக்கு வரும். ரகரம் மட்டும் அங்கே இரட்டிக்க மறுத்தது: ‘நெரியன்’ (காப்பாற்று). தமிழிலும் ரகரம் இரட்டிப்பதில்லை. ஆனால் அதற்குக் காரணம் வேறு. நம் மொழியில் தனிக்குறிலை அடுத்து ‘ர்’ ஒற்றாக வருவதே கிடையாது.