ஹாஸ்பிஸ் லாட்டரியில் சேரலாமா, நேராக நன்கொடை கொடுத்துவிடலாமா?

இங்கிலாந்தின் லெஸ்டரில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் மாமியார் கடைசி ஐந்து வாரம் இங்கே ஒரு ஹாஸ்பிஸில் (குணமாகாத நோயாளிகளைக் கடைசி நாட்களில் பராமரிக்கும் இடம்) இருந்தார். தாய் மாதிரி பார்த்துக்கொண்டார்கள், எங்களிடம் ஒரு பென்னிகூட வாங்கவில்லை. போன வாரம் அவர்கள் பெயரைச் சொல்லி ஒருவர் வாசலுக்கு வந்து, வாரம் ஒரு பவுண்டு லாட்டரியில் சேரச் சொன்னார். எனக்குச் சேர ஆசை. கணவரோ, 'லாட்டரி என்றால் சூதாட்டம், கொடுப்பதை நேராகக் கொடு' என்கிறார். யார் சொல்வது சரி? இதற்கு கிஃப்ட் எய்ட் (நன்கொடையோடு அரசு சேர்த்துத் தரும் பணம்) கிடைக்குமா?"

கணக்கு மட்டும் பார்த்தால் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. சட்டமும் அவர் பக்கம்தான். 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்துக்குள்தான் இந்த லாட்டரிகள் வருகின்றன, மேற்பார்வை கேம்ப்ளிங் கமிஷனுடையது, சிறிய லாட்டரி என்றால் உள்ளூர் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள். கிஃப்ட் எய்ட் கிடையாது. பரிசு கிடைக்கும் வாய்ப்பை நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள், அதனால் வரித்துறை அதை நன்கொடையாக எடுத்துக்கொள்ளாது.

வாரம் ஒரு பவுண்டு என்றால் வருடத்துக்கு 52 பவுண்டு. அதையே நன்கொடையாகக் கொடுத்து கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்தும் போட்டால், அரசு ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் சேர்த்துத் தரும், ஹாஸ்பிஸுக்கு 65 பவுண்டு போய்ச் சேரும். (அந்த வருடம் நீங்கள் குறைந்தது அந்த 13 பவுண்டு அளவுக்காவது வரி கட்டியிருக்க வேண்டும்.) 40 சதவீத வரி கட்டுபவராக இருந்தால் இன்னொரு 13 பவுண்டை உங்கள் வரிக் கணக்கில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். லாட்டரியில் அப்படி இல்லை. பரிசுப் பணம், அச்சு, தபால், ஆள் செலவு எல்லாம் போக மீதிதான் தொண்டுக்கு. குறைந்தபட்சம் 20 சதவீதமாவது போக வேண்டும் என்பதுதான் சட்டம். பேச்சுக்கு 60 சதவீதம் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் 52 பவுண்டில் 31 பவுண்டு 20 பென்ஸ்தான் ஆகிறது. 65 எங்கே, 31 எங்கே!

அப்படியானால் ஹாஸ்பிஸ்கள் ஏன் விடாமல் லாட்டரி நடத்துகின்றன?

உங்களிடம் ஒரு பென்னி வாங்காததற்குக் காரணம் வேறு யாரோ ஏற்கனவே கொடுத்து வைத்திருந்ததுதான். 1967இல் நவீன ஹாஸ்பிஸ் இயக்கத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் தெற்கு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தபோதே அது ஒரு தொண்டு நிறுவனம்தான், அரசின் என்எச்எஸ் ஆஸ்பத்திரி இல்லை. இன்றும் இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அரசிடம் இருந்து வருகிறது. மற்றதெல்லாம் பழைய துணி விற்கும் கடை, உயிலில் எழுதி வைத்த பணம், ஓட்டப் பந்தயம், அப்புறம் இந்த லாட்டரி. உயில் பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கடைகளை ஒரே நாளில் மூட வேண்டியதாயிற்று, ஏப்ரலில் நடக்க வேண்டிய லண்டன் மாரத்தானும் தள்ளிப்போனது. வங்கிக் கணக்கில் இருந்து தானாகப் போகும் டைரக்ட் டெபிட்டில் வரும் ஒரு பவுண்டுக்கு மட்டும் யாரும் வாசலைத் தாண்ட வேண்டியதில்லை. அடுத்த மாதம் இரவுப் பணிக்கு எத்தனை நர்ஸ் போடலாம் என்று கணக்குப் போடுபவருக்கு, எப்போதோ வரும் பெரிய காசோலையைவிட மாதாமாதம் தவறாமல் வரும் சின்னப் பணம்தான் கைகொடுக்கும்.

ஆனால் மாதாமாத நன்கொடையும் அதே டைரக்ட் டெபிட்தானே என்று உங்கள் கணவர் கேட்பார். சரியான கேள்வி. அதனால்தான் நான் யார் கேட்டாலும், முதலில் மாதம் நாலைந்து பவுண்டு நன்கொடை, கிஃப்ட் எய்ட் படிவத்தோடு, என்றுதான் சொல்வேன். "அதெல்லாம் நான் தொடங்கவே மாட்டேன், குலுக்கல் என்று ஒன்று இருந்தால்தான் விடாமல் கட்டுவேன்" என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால் லாட்டரியில் சேருங்கள், கொடுக்காத 65 பவுண்டைவிடக் கொடுக்கும் 31 பவுண்டு பெரிது. நானும் அந்த ரகம்தான், பல வருடமாக ஒரு எண்ணுக்குக் கட்டுகிறேன், இதுவரை ஒன்றும் விழவில்லை.

விழும் என்று நம்பியும் சேர வேண்டாம். 20,000 பேர் கட்டும் ஒரு லாட்டரியில் வாரம் ஒரு முதல் பரிசு என்றால், சராசரியாக ஒருவர் முறை வர 385 வருடம் ஆகும். சின்னப் பரிசுகள் கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான். விழுந்தால் அதற்கு வருமான வரி இல்லை, அது ஒரு நல்ல விஷயம்.

வாசலுக்கு வந்தவர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் வங்கி விவரத்தை வாசலில் நின்று எழுதிக் கொடுக்காதீர்கள். துண்டறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு, ஹாஸ்பிஸின் நிதி திரட்டும் பிரிவுக்கு நீங்களே போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள். போன வருடம் லாட்டரிப் பணத்தில் எத்தனை சதவீதம் ஹாஸ்பிஸுக்கு வந்தது? வாசலுக்கு வருபவர் உங்கள் ஊழியரா, வெளி நிறுவனத்தின் ஆளா, அப்படியானால் என்னைச் சேர்த்ததற்கு அவர்களுக்கு எவ்வளவு போகிறது? கமிஷனிடம் உரிமம் பெற்ற லாட்டரிகள் முதல் கேள்விக்கான பதிலை வருடாவருடம் வெளியிட்டே ஆக வேண்டும், அதனால் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். உரிமம் உண்டா என்பதை கமிஷனின் பொதுப் பதிவேட்டில் இலவசமாகப் பார்க்கலாம். நேரடியாக ஹாஸ்பிஸின் தளத்திலேயே சேர்ந்தால் நடுவில் ஆள் இல்லை. இணையத்தில் கிரெடிட் கார்டு மட்டும் செல்லாது, 2020 ஏப்ரலில் இருந்து அதற்குத் தடை. டைரக்ட் டெபிட்டை எப்போது வேண்டுமானாலும் வங்கியில் சொல்லி நிறுத்தலாம்.

சேர்ந்த பிறகு யாராவது போன் செய்து, "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, அனுப்பக் கட்டணம் கட்டுங்கள்" என்றால் மோசடி. பரிசு கொடுக்கக் காசு கேட்க மாட்டார்கள்.

உங்கள் கணவரின் தயக்கத்துக்கு வீட்டில் யாருடைய பழைய சூதாட்டப் பழக்கமாவது காரணம் என்றால், இவ்வளவு நேரம் சொன்ன கணக்கை எல்லாம் ஒதுக்கிவிடுங்கள். ஒரு பவுண்டு லாட்டரியும் அந்த வீட்டுக்குள் வர வேண்டாம், நன்கொடை போதும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மாமியார் காலமானபோது ஹாஸ்பிஸுக்கு நீங்களோ கணவரோ ஏதாவது கொடுத்திருப்பீர்கள். கிஃப்ட் எய்ட் படிவத்தில் அப்போது கையெழுத்துப் போட்டிருக்காவிட்டாலும் பரவாயில்லை. இப்போது போடும் ஒரே படிவம், கடந்த நான்கு வருடத்தில் கொடுத்த நன்கொடைகளுக்கும் சேர்த்துச் செல்லும், அந்தந்த வருடம் நீங்கள் வரி கட்டியிருந்தால் போதும். போன் செய்யும்போது அதையும் அனுப்பச் சொல்லுங்கள்.