குழந்தை இலக்கியத்துக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறதா? அதில் என்னதான் சொல்லித் தருவார்கள்?

இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஹாலின்ஸ் பல்கலைக்கழகம் 1992 முதல் இதை நடத்துகிறது. வகுப்புகள் கோடையில் மட்டும், ஆறு வாரம். அதனால் ஆசிரியர்களும் நூலகர்களும் வேலையை விடாமல் சில கோடைகளில் முடித்துவிடலாம். பாஸ்டனில் சிம்மன்ஸ் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு.

எம்.ஏ. என்றால் வரலாறும் விமர்சனமும். எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலைப் பட்டம்) என்றால் அவற்றோடு சொந்தமாக எழுதுவதும் சேரும். எழுத்துப் பயிற்சிதான் இதில் அருமையான பகுதி. படப் புத்தகம் வழக்கமாக 32 பக்கம். எட்டுத் தாளை நடுவில் மடித்துச் செருகினால் ஒரு டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், தயார். அதில் கதையைப் பிரித்து ஒட்டிப் பார்த்தால், எந்த வரியில் குழந்தை பக்கத்தைப் புரட்டத் துடிக்கும், எங்கே சலித்துப்போகும் என்பது தெரிந்துவிடும். படம் காட்டுவதையே திரும்பச் சொல்லும் வரிகளையும் அப்போதே வெட்டிவிடலாம்.

சரி, எழுத்தாளராக இந்தப் பட்டம் கட்டாயமா? இல்லவே இல்லை. செலவும் அதிகம். ஆனால் குழந்தைகளுக்கான எழுத்தை இலக்கியமாக மதித்து, உங்கள் வரிகளைக் கறாராகத் திருத்தித் தரும் ஆட்கள் வெளியே எளிதில் கிடைப்பதில்லை. அதற்காகவே இது தகும் என்பேன்.