ஈர மரத்தூள் மூட்டைகள்

அன்புள்ள ஐயா,

நியூட்ரினோ பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எதிலும் மோதாமல் பூமியையே துளைத்துக்கொண்டு போகும் துகளைக் கண்டுபிடித்ததாக எப்படிச் சொல்ல முடியும்? கருவியில் ஏதோ மினுக்கியதும் அதற்கு நியூட்ரினோ என்று பெயர் வைத்துவிட்டார்களோ?

ஒரு வாசகர், தருமபுரி

அன்புள்ள நண்பருக்கு,

நியாயமான கேள்வி. நியூட்ரினோவை முதலில் கண்டறிந்த அமெரிக்க இயற்பியலாளர்கள் ரைன்ஸும் கோவனும் தங்களையே கேட்டுக்கொண்ட கேள்வியும் இதுதான்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நியூட்ரினோ மோதும், ஆனால் மிக மிக அரிதாக. அதனால் அது கொட்டுகிற இடத்துக்கே போக வேண்டும். அணுகுண்டு வெடிப்புக்குப் பக்கத்தில் கருவியை வைக்கலாம் என்றுதான் அவர்கள் முதலில் திட்டமிட்டார்கள். அப்புறம் அணு உலையே போதும் என்று தெரிந்தது. 1956இல் தென் கரோலினாவின் சவானா ரிவர் உலைக்கு 11 மீட்டர் தள்ளி, தரைக்கு 12 மீட்டர் கீழே கருவியை வைத்தார்கள். காட்மியம் குளோரைடு கரைத்த தண்ணீர்த் தொட்டிகள், அவற்றின் மேலும் கீழும் காமா கதிர் பட்டால் மினுக்கும் திரவம்.

உலையிலிருந்து வரும் எதிர்நியூட்ரினோ (நியூட்ரினோவின் எதிர்த்துகள்), தண்ணீரிலுள்ள புரோட்டானில் மோதினால் பாசிட்ரானும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) நியூட்ரானும் பிறக்கும். பாசிட்ரான் உடனே எலக்ட்ரானைச் சந்தித்து அழிந்து காமா கதிராகும்: முதல் மினுக்கு. நியூட்ரான் கொஞ்சம் அலைந்துவிட்டுக் காட்மியத்திடம் சிக்கும், அப்போதும் காமா கதிர் வரும்: சில மைக்ரோ விநாடிகள் கழித்து இரண்டாவது மினுக்கு. ஒற்றை மினுக்கை அவர்கள் நம்பவே இல்லை. இந்த ஜோடியைத்தான் எண்ணினார்கள். மணிக்குச் சுமார் மூன்று கிடைத்தன.

சரி, உலையிலிருந்து கசியும் நியூட்ரான்களே இந்த வேலையைச் செய்திருந்தால்? எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மூட்டை மூட்டையாக மரத்தூளைக் கொண்டுவந்து, தண்ணீரில் ஊறவைத்து, கருவியைச் சுற்றி அடுக்கினார்கள். ஈர மரத்தூள் நியூட்ரான்களை நன்றாகத் தடுக்கும். வந்தது நியூட்ரான் என்றால் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. தொட்டித் தண்ணீரில் பாதிக்குக் கன நீரைக் கலந்து பார்த்தார்கள். கன நீரின் ஹைட்ரஜனில் புரோட்டான் ஒரு நியூட்ரானோடு பிணைந்திருப்பதால் இந்த மோதல் அதில் எளிதில் நடக்காது. மோதுவதற்கான புரோட்டான்கள் பாதியாகின, ஜோடிகளும் பாதியாகின. உலையை நிறுத்தியபோது எண்ணிக்கை விழுந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் ஜூன் 14 அன்று பவுலிக்குத் தந்தி போனது. 1930இல் இந்தத் துகளை ஊகித்துச் சொன்னவர் அவர்.

ரைன்ஸுக்கு 1995இல் நோபல் கிடைத்தது. கோவன் 1974இலேயே காலமாகிவிட்டார். அந்த மேடையில் அவர் இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.